மூக்குத்தி இருந்த இடம்: காது கேளாப் பெண்களின் சைகைக் கவிதையை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் நாங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த வீட்டில் ஏழு குடும்பங்கள். நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு அடிபம்பு. அந்த முற்றத்தில் என் அக்காவுக்குத் தினமும் கிடைத்த அறிவுரைகள் நான்கு. "கைய ஆட்டாத." "மூஞ்சிய அப்படிக் கோணாத." "யாரையும் நேருக்கு நேரா மொறச்சிப் பாக்காத." "நடுவுல நிக்காத, ஓரமாப் போ." அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சொன்னால் அவளுக்குப் போய்ச் சேராது என்பதால் மணிக்கட்டைப் பிடித்துக் கையைக் கீழே இறக்கிவிடுவார்கள்.

அவள் பேசிக்கொண்டிருந்தாள். சில நேரம் அந்தப் பேச்சு கவிதையாகவும் இருந்தது. எனக்கு அது விளங்க முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. கை, முகம், பார்வை, இடம். ஒரு பெண் அடக்கிவைக்க வேண்டும் என்று எங்கள் முற்றம் நினைத்த இந்த நான்கும்தான் சைகைக் கவிதையின் உறுப்புகள். காது கேளாத ஒரு பெண் கவிதை சொல்ல எழுந்து நிற்கும்போது, என்னவெல்லாம் செய்யாதே என்றார்களோ அதையெல்லாம் கொண்டுதான் அவள் அழகைக் கட்டுகிறாள். அந்த அழகு எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்லிப் பார்க்கிறேன். சைகை மொழி ஒரு சொல்கூடத் தெரியாதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் மொழி

சைகை மொழி என்றதும் பலர் நினைப்பது, தமிழைக் கையால் காட்டுவது என்று. அக்கா பேசுவது இந்தியச் சைகை மொழி. அதற்குத் தனிச் சொற்கள், தனி இலக்கணம். ஊருக்கு ஊர் சொற்கள் கொஞ்சம் மாறும், ராயபுரத்துத் தமிழும் நாகர்கோவில் தமிழும் மாறுவது போல. 'என்ன', 'எங்கே' போன்ற கேள்விச் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். 'இல்லை'யும் அப்படித்தான். உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி என்று நம்புகிறவர்களும் உண்டு. அமெரிக்கச் சைகை மொழி வேறு, பிரிட்டிஷ் சைகை மொழி வேறு. இரண்டு நாட்டிலும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், ஆனால் இந்த இரு சைகை மொழிகளுக்கும் நெருங்கிய உறவுகூடக் கிடையாது.

இவை முழுமையான மொழிகள்தான் என்று மொழியியல் ஒப்புக்கொண்டதே தாமதமாகத்தான். வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லூடெட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த வில்லியம் ஸ்டோக்கி 1960-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வழி திறந்தது. ஒரு சைகையைப் பிரித்துப் பார்த்தால் கையின் வடிவம், கை இருக்கும் இடம், கையின் அசைவு என்று சிறு கூறுகள் கிடைக்கின்றன, பேச்சு மொழியில் எழுத்துகள் செய்யும் வேலையை இவை செய்கின்றன என்று அவர் காட்டினார். உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது, முகம் என்ன செய்கிறது என்பவற்றைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். நம் நாட்டில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் டெல்லியில் 2015-ல்தான் அமைந்தது. அந்த மையத்தின் அகராதி 2018-ல் 3,000 சொற்களோடு வந்தது, 2021-ல் 10,000 ஆனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல். இத்தனை பேர் இருக்கும் நாட்டில் அகராதி வர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

'ஊமை' என்ற சொல்லை நான் இந்தக் கட்டுரையில் இந்த ஓரிடத்தைத் தவிர எங்கும் எழுதப்போவதில்லை. மொழி இல்லாதவர் என்று பொருள் தரும் சொல் அது. என் அக்காவிடம் இருப்பது இரண்டு மொழி: சைகை மொழி, எழுதும் தமிழ்.

இடம் என்ற கூறுக்கு ஓர் உதாரணம் சொல்லிவிட்டுப் போகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். இந்தியச் சைகை மொழியில் 'ஆண்' என்று சொல்லக் கை மீசை இருக்கும் இடத்துக்குப் போகும். 'பெண்' என்று சொல்ல ஆள்காட்டி விரல் மூக்கின் பக்கத்தைத் தொடும். மூக்குத்தி போடும் இடம். தினப்பேச்சில் யாரும் அதை மூக்குத்தியாக நினைப்பதில்லை. 'ஞாயிற்றுக்கிழமை' என்று சொல்லும்போது நாம் சூரியனை நினைக்கிறோமா?

கை: விரலில் வரும் எதுகை

நம் செய்யுளில் எதுகை, மோனை, இயைபு என்று ஒலியை ஒலியோடு கட்டுகிறோம். சைகைக் கவிதையில் ஒலி இல்லை. அங்கே திரும்பத் திரும்ப வந்து வரிகளைக் கட்டுவது கைவடிவம். மூடிய முஷ்டி, விரித்த உள்ளங்கை, நீட்டிய ஒரு விரல், வளைந்த நகம் போன்ற பிடி. ஒரே கைவடிவத்தில் அமையும் சைகைகளைக் கவிஞர் தேடி எடுத்து அடுத்தடுத்து வைக்கிறார். அமெரிக்கச் சைகை மொழிக் கவிதையில் இந்த எதுகை எப்படி அமைகிறது என்று விரிவாக ஆராய்ந்தவர் கிளேட்டன் வாலி. காது கேளாதவர், தானே கவிஞர். சைகைக் கவிதையை ஆராய்ந்து 1993-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

இந்த எதுகைக்கு அக்காவின் கவிதை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். பெயர் வைக்காத கவிதை. ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான்.

அக்கா நேராக நிற்கிறாள். ஆள்காட்டி விரல் மூக்கின் பக்கத்தைத் தொடுகிறது: பெண். வழக்கமாக விரல் அங்கிருந்து உடனே இறங்கிவிடும். இதில் இறங்கவில்லை. கட்டைவிரல் வந்து சேர்ந்துகொள்கிறது. இரண்டு விரலும் சிட்டிகை பிடித்து மெல்லத் திருகுகின்றன. திருகாணி கழல்கிறது. அந்தக் கணத்தில் 'பெண்' என்ற சொல்லுக்குள் தூங்கிக்கொண்டிருந்த மூக்குத்தி எழுந்துவிடுகிறது. சிட்டிகை கீழே வந்து, மற்றக் கையின் விரித்த உள்ளங்கையில் எதையோ வைக்கிறது. உள்ளங்கை தராசுத் தட்டாகிறது, லேசாக இறங்கி நிற்கிறது. எடை பார்க்கிறார்கள். வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த யாருக்கும் இந்த இடத்தில் அடகுக் கடை தெரிந்துவிடும். அதே சிட்டிகை ஒரு ரசீதின் ஓரத்தைப் பிடித்து இழுக்கிறது. ரசீதை மடித்து முந்தானை முடிச்சில் செருகுகிறது. அடுத்து உடம்பு குனிகிறது. அதே சிட்டிகை இப்போது கோலப்பொடி எடுத்துத் தரையில் புள்ளி வைக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. விடிந்துவிட்டது என்று அவள் எங்கும் சொல்லவில்லை. கோலம் போட்டால் விடியல்தானே. நான்காவது புள்ளிக்குப் போன கை பாதியில் நின்று, எழுந்து, மூக்கின் பக்கத்தைத் தொடுகிறது.

கவிதை அங்கே முடிகிறது.

கவனித்திருப்பீர்கள்: திருகாணி, தராசு, ரசீது, முடிச்சு, கோலப்பொடி என்று ஐந்து பொருளையும் ஒரே சிட்டிகைப் பிடி தைத்துக்கொண்டு போகிறது. செய்யுளில் ஐந்து அடிக்கு ஒரே எதுகை வைத்தால் காது எப்படி மகிழுமோ அப்படிக் கண் மகிழ்கிறது. அதோடு, நகையைக் கழற்றிய விரலும் வாசலை அலங்கரிக்கும் விரலும் ஒன்றுதான் என்பதை எந்தச் சொல்லும் இல்லாமல் அந்த எதுகையே சொல்லிவிடுகிறது. கடைசிச் சைகையை முதலில் வந்ததோடு ஒட்டிப் பாருங்கள். கையும் இடமும் மாறவில்லை. முதலில் அது 'பெண்'. கடைசியில் அது 'பெண்'ணும்தான், மூக்குத்தி இல்லாத வெற்றிடமும்தான். அந்தாதியில் முடிந்த சொல்லே தொடக்கமாக வந்து பொருள் மாறி நிற்பது போல.

சைகை மொழியில் தேய்ந்துபோன உருவகங்கள் இப்படி நிறைய உண்டு. ஒரு காலத்தில் மூக்குத்தியாகவோ மீசையாகவோ இருந்து, வெறும் சொல்லாகிவிட்டவை. கவிஞர் அவற்றைத் தொட்டு எழுப்புகிறார். என் கணிப்பில் இந்தக் கலையின் மிக நுட்பமான இன்பம் இதுதான். பெண்கள் கையில் இது இன்னும் கூர்மையாகிறது, 'பெண்' என்ற சொல்லையே தன் முகத்தில் வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

இடம்: புள்ளி வைத்த கோலம்

சைகை மொழியில் பேசுகிறவருக்கு முன்னால் இருக்கும் காற்று வெறும் காற்றாக இருப்பதில்லை. அம்மாவை இடப்பக்கம் வைத்துவிட்டால், பிறகு அந்தப் பக்கம் சுட்டினாலே அம்மா. கடையை வலப்பக்கம் வைத்தால், இடமிருந்து வலம் கை போனாலே அம்மா கடைக்குப் போகிறாள். கோலத்துக்கு முதலில் புள்ளி வைத்துவிட்டுப் பிறகு கோடு இழுப்பதைப் போன்ற வேலை. பேச்சில் இது இலக்கணம். கவிஞர் இதை வடிவமாக்குகிறார். கோலத்தில் இருப்பது போல இடமும் வலமும், மேலும் கீழும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும்.

இங்கே டாரதி மைல்ஸைச் சொல்லாமல் போக முடியாது. 1931-ல் வேல்ஸில் பிறந்தவர். எட்டு வயதில் மூளை உறைக் காய்ச்சல் வந்து செவித்திறன் போனது. 1957-ல் அமெரிக்கா போய் கல்லூடெட் கல்லூரியில் படித்தார், பிறகு அங்கே காது கேளாதோரின் தேசிய நாடகக் குழுவில் நடித்தார். 1976-ல் சைகைக் கவிதைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குத் திரும்பி, 1993-ல் மறையும் வரை பிரிட்டிஷ் சைகை மொழியில் வேலை செய்தார். எட்டு வயது வரை ஆங்கிலம் கேட்டவர் என்பதால் இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில் நிற்கும் கவிதைகளை அவரால் கட்ட முடிந்தது. சைகையில் கவிதை சாத்தியமா என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், செய்து காட்டிப் பதில் சொன்ன பெண்.

காலை, மதியம், மாலை என்று மூன்று பகுதியாகப் போகும் அவருடைய கவிதை ஒன்றில், நீர்நிலையும் கரை மரங்களும் வருகின்றன. மரத்தைக் காட்ட ஒரு முன்கை மேல்நோக்கி நிற்கிறது, விரல்கள் கிளைகள். அதன் நிழல் நீரில் தெரிகிறது என்று சொல்ல அவர் வேறு சொல் தேடவில்லை. இன்னொரு முன்கையை அப்படியே தலைகீழாகக் கீழ்நோக்கி வைத்தார். இரட்டை மரம். அகராதியில் இல்லாத சொல், ஆனால் முதன்முதலாகப் பார்ப்பவருக்கும் புரியும் சொல். இரண்டு கைகள் இருப்பதால் மட்டுமே பிறந்த படிமம் இது. நாக்கு ஒன்றுதான் என்பதால் பேசும் கவிஞருக்கு இது வாய்க்காது. இரண்டு வாக்கியத்தை ஒரே நேரத்தில் நாம் சொல்ல முடியாது, அவர்கள் சொல்கிறார்கள்.

ஓரமாகப் போ என்று வளர்க்கப்பட்ட பெண்களின் சைகைகள் சிறுத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். முழங்கை இடுப்போடு ஒட்டிக்கொள்ளும், கை மார்புக்கு மேலே எழாது. பஸ்ஸில் பேசும்போது அக்காவும் அப்படித்தான், மடிக்குள் பேசுவாள். கவிதை சொல்லும்போது அவள் கை தலைக்கு மேலே போகிறது, பக்கவாட்டில் முழுதாக நீள்கிறது. அழகியல் என்ற பெரிய சொல்லுக்கு எனக்குத் தெரிந்த எளிய உதாரணம் அந்த நீட்டல்தான்.

முகமும் பார்வையும்

புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லாரும் செய்யும் ஒன்று, கையையே பார்ப்பது. காது கேளாதவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் பார்க்கும்போது கண்ணை முகத்தில்தான் வைக்கிறார்கள். கை ஓரப்பார்வையில் தானாக விழுகிறது. ஏனென்றால் பாதி இலக்கணம் முகத்தில் இருக்கிறது. புருவம் உயர்ந்து தலை சற்று முன்வந்தால் அது ஆம், இல்லை என்று பதில் கேட்கும் கேள்வி. கன்னம் உப்பினால் பெரியது, உதடு குவிந்தால் மெல்லியது. மூஞ்சியைக் கோணாதே என்பது, ஒருவரைப் பார்த்து வினைச்சொல்லில் விகுதி சேர்க்காதே என்பதற்குச் சமம்.

பரதநாட்டியத்திலும் கையும் முகமும்தானே என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அபிநயத்துக்குப் பின்னால் ஒரு பாட்டு ஓடுகிறது, பாட்டின் பொருளை உடல் விரிக்கிறது. சைகைக் கவிதையில் பின்னால் எதுவும் ஓடவில்லை. உடலே பாட்டின் வரி. ஆனால் நகை, அழுகை, மருட்கை என்று எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் எண்ணிவைத்ததே, உடம்பில் தோன்றுவதைக் கவிதையின் இலக்கணத்துக்குள் சேர்த்ததே, அந்த நினைப்பு இருக்கும் தமிழ் வாசகருக்கு இந்தக் கலை அந்நியமாக இருக்காது என்பது என் நம்பிக்கை.

முகத்தின் இன்னொரு வேலை, ஆள் மாறுவது. தோள் லேசாக இடப்பக்கம் திரும்பி, பார்வை மேலே போனால் அவள் மகள். வலப்பக்கம் திரும்பி, பார்வை கீழே வந்தால் தாய். ஒரே உடம்பில் இரண்டு பேர் உரையாடுவார்கள். ஆள் மட்டுமில்லை, பொருளாகவும் மாறலாம். காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக மீன் விற்றவள் எங்கள் அம்மா. அக்காவின் இன்னொரு கவிதையில் விரித்த கை ஒன்று வஞ்சிர மீனாக நீந்துகிறது. கண் மீனின் கண், இமைக்கவே இல்லை. சட்டென்று அதே விரித்த கை அரிவாள்மணையாகச் செங்குத்தாக நிற்கிறது, கண் அம்மாவின் கண்ணாகிக் களைத்துப்போய் இமைக்கிறது. மீனும் அரிவாள்மணையும் ஒரே கைவடிவம். இடையில் நடந்தது ஓர் இமைப்புதான்.

பார்வையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சைகை மொழியில் ஒருவரை நேராகப் பார்க்காமல் பேச முடியாது. குனிந்த தலை நாணம் என்று எண்ணும் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு, குனிந்தால் மொழியே போய்விடும். அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளில் நிமிர்ந்து பார்க்காதே என்று தலையைக் குனியவைத்தார்கள். வந்தவர்கள் என்ன பேசினார்கள், வாயசைவையாவது பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அன்று அந்த வீட்டில் நடந்த எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் கவிதைகளில் பார்வை எங்கே போகிறது என்பதைக் கவனிக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. பெரும்பாலும் அது எதிரில் இருப்பவர் கண்ணுக்குத்தான் வருகிறது.

அமெரிக்கக் கவிஞர் எல்லா மே லென்ட்ஸ் காது கேளாதவர். அவருடைய புகழ்பெற்ற கவிதைகளில் ஒன்று, காது கேளாத பிள்ளையைப் பெற்ற, காது கேட்கும் தாயைப் பார்த்துப் பேசுகிறது. காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். எனவே தாய்மொழி என்ற சொல்லே அவர்களுக்குச் சிக்கல், மொழி தாயிடமிருந்து வருவதில்லை. அக்கா சைகை மொழி கற்றது பள்ளித் தோழிகளிடம், விடுதியில், வகுப்பு முடிந்த பிறகு.

தாளம்

ஒலி இல்லாமல் தாளம் ஏது என்பது அடுத்த கேள்வி. கானாவும் சாவு மோளமும் நிறைந்த ஊரில் வளர்ந்த எனக்கும் அது இருந்தது. தாளம் என்பது திரும்பி வருவதும் நிற்பதும்தான் என்று பிறகு புரிந்தது. ஒரு சைகையை எவ்வளவு நேரம் பிடித்து நிறுத்துவது, எப்போது விடுவது, எந்த அசைவை மூன்று முறை சொல்வது, மூன்றாவதை எங்கே உடைப்பது. மூக்குத்திக் கவிதையில் மூன்று புள்ளி விழுந்து நான்காவது விழாமல் போனதே, அது தாளம் உடையும் இடம்.

அடிபம்பை வைத்து அக்கா ஒன்று செய்வாள். தண்ணீர் ஏறாத பம்பை அடித்தவர்களுக்குத் தெரியும், முதலில் கைப்பிடி லேசாக, வேகவேகமாகப் போகும். தண்ணீர் ஏற ஏறக் கனக்கும், மெதுவாகும். அவள் முஷ்டியும் அப்படித்தான் தொடங்கும், படபடவென்று. முகத்தில் எரிச்சல். மெல்ல மெல்லக் கை கனக்கும், தோள் இறங்கும், புருவம் தளரும். பார்க்கிற நமக்கும் கை கனக்கும். எங்கள் தெருப் பெண்கள் அதைப் பார்த்தபோது சைகை மொழி தெரியாமலேயே மூச்சு விட்டார்கள்.

லென்ட்ஸின் வேறொரு கவிதை, ஓடும் வண்டியின் ஜன்னல் வழியே தெரியும் கம்பிகளைப் பற்றியது. கம்பத்துக்குக் கம்பம் தொய்ந்து எழும் அந்தக் கோடுகளைக் கண்ணுக்கான இசையாகக் காண்கிறார். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால் மேலே போகும் கம்பிகளை ஒருமுறை பாருங்கள். இறங்கும், ஏறும், கம்பம் வரும் இடத்தில் சட்டென்று ஒரு துள்ளல். தாளம் காதுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் எனக்கு அந்த ரயிலில்தான் கரைந்தது.

கை கட்டப்பட்ட காலமும் கைபேசி வந்த காலமும்

இவ்வளவு அழகான ஒன்று ஏன் நம் கண்ணில் படவில்லை? ஒரு முக்கியக் காரணம் 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த மாநாடு. காது கேளாதோர் கல்வி பற்றிக் கூடியவர்களில் ஏறக்குறைய எல்லாரும் காது கேட்பவர்கள். வகுப்பில் சைகை கூடாது, வாய்ப்பேச்சு மட்டுமே வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானம் உலகம் முழுக்கப் பள்ளிகளைப் பிடித்துக்கொண்டது. 2010-ல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு அமைப்புதான் அதற்கு வருத்தம் தெரிவித்தது, 130 ஆண்டுகள் கழித்து. அக்கா படித்த ஒரு பள்ளியில் வகுப்பு நேரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டீச்சரின் உதட்டைப் பார்க்க வேண்டும். உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துவிடும் என்பவர்கள் கண்ணாடி முன் நின்று, சத்தமில்லாமல் 'பாடு' என்றும் 'மாடு' என்றும் சொல்லிப் பார்க்கட்டும். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும்.

தடை விழுந்த மொழி விடுதியில், மொட்டைமாடியில், ரயில் நிலைய நடைமேடையில் வாழ்ந்தது. எழுத்து வடிவம் அன்றாடப் புழக்கத்தில் இல்லாததால் கவிதைகள் சொன்னவரோடே போய்விட்டன. வீடியோதான் இவற்றுக்குப் புத்தகம். 2016-ல் மலிவு டேட்டாவும் வாட்ஸ்அப் வீடியோ காலும் ஒரே ஆண்டில் வந்தன. நமக்கு அது வசதி. அக்காவுக்கு அதற்கு முன்பு தொலைவில் இருப்பவரோடு தன் மொழியில் பேச வழியே இருந்ததில்லை. அவளும் தோழிகளும் ஒரு குழு வைத்துக்கொண்டார்கள். இரவு வேலை முடித்து ஒருத்தி ஒன்று சொல்லி அனுப்புவாள், மற்றவர்கள் இரண்டு கையையும் மேலே உயர்த்தி விரல்களை ஆட்டிப் பதில் அனுப்புவார்கள். கைதட்டல் அப்படித்தான், கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

எடுக்கும்போது கண்ணாடி வளையலைக் கழற்றிவைப்பார்கள், பளபளப்பு கண்ணை இழுத்துவிடும். பூப்போட்ட சேலைக்கு மேல் கை தொலைந்துபோகும் என்று ஒற்றை நிறத் துணி உடுத்துவார்கள், தோல் நிறத்திலிருந்து விலகித் தெரியும் நிறமாக. துப்பட்டாவை இறுகக் கட்டிவிடுவார்கள். மருதாணி போட்ட வாரம் கவிதை கிடையாது. இதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். அச்சில் எழுத்துருவும் வரி இடைவெளியும் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய விஷயமோ அவ்வளவு பெரியது இது.

அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை குழுவை விட்டு வெளியே வருவதில்லை. எழுதும் பெண் புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். தமிழில் அப்படி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். சைகையில் கவிதை சொல்பவளுக்கு அந்த மறைப்பு இல்லை. அவள் முகம்தான் தாள், அவள் உடம்புதான் எழுத்து. கணவன் வீட்டில் யாராவது பார்த்துவிட்டால், வீடியோவில் இப்படியா கையை வீசி நிற்பது என்று வரும். இந்தக் கவிதைகளைத் தேடிப் பார்ப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் அனுமதி இல்லாமல் அவர் வீடியோவை அனுப்புவது, கையெழுத்துப் பிரதியைத் திருடுவதைவிட மோசமானது.

வெளியே வந்தவையும் இருக்கின்றன. செப்டம்பர் 23 உலகச் சைகை மொழிகள் நாள், 2018 முதல் கொண்டாடுகிறார்கள். அந்த வாரத்தில் பலர் பொதுவில் பகிர்வார்கள். முதல்முறை பார்க்கும்போது பொருள் தேடாதீர்கள். பின்னணி இசை சேர்த்திருந்தால் ஒலியை அணைத்துவிடுங்கள். முகத்தைப் பாருங்கள். இரண்டாம் முறை, எந்தக் கைவடிவம் திரும்பி வருகிறது என்று பாருங்கள். மூன்றாம் முறை, எது எங்கே வைக்கப்பட்டது, எதற்கு எது எதிரில் நிற்கிறது என்று. அதற்குப் பிறகு, பக்கத்தில் சைகை மொழி தெரிந்தவர் இருந்தால் கேளுங்கள். சொற்பொருள் கடைசியில் வந்தால் போதும்.

மூக்குத்திக் கவிதையைத் தமிழில் எழுதித் தருகிறேன் என்று நான் அக்காவிடம் கேட்டு வாங்கி ஒரு வாரம் உட்கார்ந்தேன். சிட்டிகைப் பிடியைத் தமிழில் எதுகையாக்கப் பார்த்தேன், ஓரளவு வந்தது. கடைசி வரி வரவில்லை. 'பெண்' என்று எழுதினால் மூக்குத்தி இருந்த வெற்றிடம் போய்விடுகிறது. 'வெறும் மூக்கு' என்று எழுதினால் பெண் போய்விடுகிறாள். இரண்டையும் சேர்த்து எழுதினால் விளக்கம் ஆகிவிடுகிறது. மூன்று விதமாக எழுதி அவளிடம் காட்டினேன். படித்தாள். பேனாவை வாங்கி மூன்றையும் அடித்தாள். அந்த வரியின் இடத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டுத் தாளை என்னிடம் திருப்பித் தந்தாள்.